கேனில் எழுதிய எண்ணும் குளத்தில் சேரும் குளோரினும்: வீட்டு நீச்சல் குளத்துக்கு எந்த ஹைப்போ?

கெமிக்கல் கடையில் போய் திரவ குளோரின் கேட்டால் முதலில் ஒரு எண்ணைத்தான் சொல்வார்கள். "பத்து இருக்கு, பன்னண்டரை இருக்கு, எது சார் வேணும்?" சூப்பர் மார்க்கெட்டில் துணி வெளுக்கும் பிளீச் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் நாலு, அஞ்சு என்று வேறொரு எண் இருக்கும். சரக்கு எல்லாம் ஒன்றுதான். காஸ்டிக் சோடா கரைசலுக்குள் குளோரின் வாயுவைச் செலுத்தினால் கிடைக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட், பேச்சு வழக்கில் ஹைப்போ. எந்த எண்ணை வாங்குவது என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது: எண்ணை அப்புறம் பாருங்கள், முதலில் தேதியைப் பாருங்கள். ஒரு கோடையில் எங்கள் குளம் பச்சையான பிறகுதான் எனக்கே இது புத்தியில் ஏறியது.

திருச்சியில் ஏப்ரல் கடைசி. வழக்கமாக வாங்கும் கடையில் சரக்கு இல்லை என்று வேறொரு கடையில் 35 லிட்டர் கேன் ஒன்று வாங்கினேன். கேனின் மேல் மார்க்கர் பேனாவால் பெரிதாக '12.5' என்று எழுதியிருந்தது. வழக்கமான கணக்குப்படியே தினமும் மாலையில் ஊற்றிக்கொண்டு வந்தேன். நடுவில் ஒரு நாள் கோடை மழை பெய்தது. அதற்கடுத்த மூன்றாம் நாள் காலையில் படிக்கட்டில் கால் வைத்தால் வழுக்கியது. மறுநாள் தண்ணீர் வெளிறிய பச்சையாக, வெண்டைக்காய் கழுவிய தண்ணீர்போல் இருந்தது. சரி, பாசி பிடித்துவிட்டது, ஒரே அடியாக அடித்துவிடலாம் என்று மூன்றேகால் லிட்டர் ஊற்றினேன். அசையவே இல்லை.

கடைக்காரரிடம் போனேன். அவர் உள்ளே போய் ஹைட்ரோமீட்டரை எடுத்து வந்து, ஒரு குவளையில் ஹைப்போவை ஊற்றி மிதக்கவிட்டார். அடர்த்தி 1.17க்குப் பக்கத்தில் நின்றது. "பாருங்க சார், வந்தப்போ எப்படியோ அப்படியேதான் இருக்கு." அவர் பொய் சொன்னதாக நான் இன்றும் நினைக்கவில்லை. ஹைப்போ சிதையும்போது பெரும்பகுதி குளோரேட்டாகவும் சாதாரண உப்பாகவும் மாறி அதே கரைசலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. எடை எங்கும் போவதில்லை. அதனால் பாசியைக் கொல்லும் சக்தி பாதியாகக் குறைந்த பிறகும் ஹைட்ரோமீட்டர் ஏறக்குறைய பழைய எண்ணையே காட்டும். அந்தக் கடையில் கேன்கள் அடுக்கியிருந்த இடத்தையும் அன்றுதான் கவனித்தேன். கடை வாசலில், மேற்கு பார்த்த நடைபாதை, நல்ல வெயில்.

வீட்டுக்கு வந்து நானே சோதித்தபோது அந்தப் 'பன்னண்டரை' ஆறுக்கும் குறைவாக இருந்தது. சோதனையைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று பார்த்துவிடலாம். அதிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது.

ஒரே திரவத்துக்கு மூன்று எண்

ஹைப்போவின் வலுவை மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஒன்று, 100 மில்லி திரவத்தில் எத்தனை கிராம் பயன்தரும் குளோரின் (கிருமியையும் பாசியையும் கொல்லக்கூடிய குளோரின்) என்பது. லேபிளில் டபிள்யூ/வி என்று போட்டிருப்பது இது. 12.5 என்றால் லிட்டருக்கு 125 கிராம். இரண்டாவது, 100 கிராம் திரவத்தில் எத்தனை கிராம் என்பது, அதாவது டபிள்யூ/டபிள்யூ. ஹைப்போ தண்ணீரைவிடக் கனமானது, புதுச் சரக்கு லிட்டருக்கு ஏறக்குறைய 1.17 கிலோ நிற்கும். அதனால் அதே 12.5 இந்தக் கணக்கில் 10.7 ஆகிவிடும். மூன்றாவது, குளோரினாகக் கணக்கிடாமல் சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற சேர்மமாகவே எடைக்கு எடை சொல்வது. அதற்கு 1.05ஆல் பெருக்க வேண்டும், 11.2 வரும்.

ஆக, ஒரு கடையில் 12.5 என்றும், அடுத்த கடையில் 10.7 என்றும், மூன்றாவதில் 11.2 என்றும் எழுதியிருந்தால், மூன்றும் ஒரே சரக்காக இருக்கலாம். பத்தேமுக்காலைவிடப் பன்னிரண்டரை உசத்தி என்று கூடுதல் காசு கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். லேபிளில் எந்தக் கணக்கு என்று போடவே இல்லையா? கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: "ஒரு லிட்டர்ல எத்தனை கிராம் குளோரின்?" பதில் தெரிந்தவர் என்றால் அந்தக் கடையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

குளத்துக்கு ஊற்றுகிற நமக்கு வசதியானது லிட்டருக்கு எத்தனை கிராம் என்பதுதான். இனி இந்தக் கட்டுரையில் வரும் சதவீதமெல்லாம் அந்தக் கணக்கு.

எவ்வளவு ஊற்றுவது

எங்கள் குளம் 26 அடி நீளம், 13 அடி அகலம். ஒரு முனையில் மூன்றரை அடி, மறுமுனையில் ஐந்தடி ஆழம். நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி, வருவதை 28.3ஆல் பெருக்கினால் லிட்டர். எங்களுக்கு 40,000 சொச்சம் வருகிறது.

1 பிபிஎம் என்பது லிட்டருக்கு 1 மில்லிகிராம். 40,000 லிட்டரில் 1 பிபிஎம் ஏற்ற 40 கிராம் குளோரின் வேண்டும். அதற்கு 12.5 சதவீத ஹைப்போ 320 மில்லி, 10 சதவீதம் என்றால் 400 மில்லி, 5 சதவீதம் என்றால் 800 மில்லி. திறந்தவெளிக் குளத்தில் கோடையில் நாளொன்றுக்கு 2 முதல் 4 பிபிஎம் வரை தீர்ந்துபோகும். நடுவில் 3 என்று வைத்துக்கொண்டால் தினமும் 120 கிராம்: 12.5இல் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 10இல் 1.2 லிட்டர், 5இல் 2.4 லிட்டர்.

வலு குறைந்ததை வாங்கினால் தண்ணீர் கெட்டுவிடும் என்ற பயம் வேண்டாம். அளவைக் கூட்டி ஊற்றினால் குளத்துக்குள் போகும் குளோரின் ஒன்றுதான், குளத்துக்கு வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் தூக்குகிற தோளுக்கும் பர்சுக்கும்தான். அவசரத்துக்கு பிளீச் பாட்டிலை ஊற்றலாமா என்று கேட்பார்கள். வாசனையும் கெட்டிப்படுத்தும் சரக்கும் சேர்க்காத வெறும் பிளீச் என்றால் தாராளமாக ஊற்றலாம். எலுமிச்சை மணம், கழிப்பறைக்கான கொழகொழப்பு என்றெல்லாம் எழுதியிருந்தால் அதைக் குளத்துப் பக்கம் கொண்டுவராதீர்கள், நுரை பொங்கும்.

ஒரு மாதத்தில் 12.5உம் 10உம் ஒன்றாகிவிடும்

இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஹைப்போ சும்மா இருக்கும்போதே சிதைகிறது என்பது பலருக்கும் தெரியும். எவ்வளவு வலுவாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாகச் சிதைகிறது என்பதுதான் தெரியாது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதித்தான் குளோரேட்டாக மாறுகின்றன. நெருக்கம் அதிகமானால் மோதலும் அதிகம். வலுவைப் பாதியாக்கினால் சிதைகிற வேகம் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகக் குறைகிறது. வெப்பம் இன்னொரு பக்கம்: 10 டிகிரி ஏறினால் சிதைவு மூன்று மடங்குக்கு மேல் வேகமெடுக்கும்.

நீர் சுத்திகரிப்புக்காரர்கள் பயன்படுத்தும் சிதைவுச் சமன்பாட்டில் நம் ஊர்க் கோடைக்கான 35 டிகிரியைப் போட்டுப் பார்த்தேன். இன்று ஆலையிலிருந்து வந்த 12.5, இரண்டு வாரத்தில் 9.3க்கு வந்துவிடுகிறது, ஒரு மாதத்தில் 7.4. அதே அறையில் வைத்த 10 சதவீதச் சரக்கு ஒரு மாதம் கழித்து 7.1. பார்த்தீர்களா? தொடக்கத்தில் இரண்டரை இருந்த இடைவெளி ஒரே மாதத்தில் 0.3 ஆகிவிட்டது. இரண்டு மாதம் வைத்தால் இரண்டும் ஐந்தரைக்குப் பக்கத்தில் நிற்கும், எது எதென்று சொல்ல முடியாது. 5 சதவீதச் சரக்கோ அதே ஒரு மாதத்தில் ஏறக்குறைய அரை எண்தான் இழக்கிறது, நாலரைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இவை தூய சரக்குக்கான கணக்கு. இரும்போ செம்போ துளி கலந்திருந்தாலும், வெயில் பட்டாலும் நிலைமை இதைவிட மோசமாகத்தான் இருக்கும். அந்த நடைபாதைக் கேனுக்கு என்ன ஆகியிருக்கும் என்று இப்போது புரிகிறது. நண்பகலில் கேனுக்குள் 45 டிகிரியைத் தாண்டியிருந்தால் ஆச்சரியமில்லை.

மார்கழியில் இந்தப் பிரச்சினை இவ்வளவு இல்லை. 25 டிகிரியில் 12.5 சதவீதச் சரக்கு பாதியாக ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். நம் ஊரில் அந்த வெப்பநிலை ஆண்டில் எத்தனை நாள் கிடைக்கிறது என்பது வேறு கதை. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டு "ஆறு மாதம் வைக்கலாம்" என்று நம்புவது இங்கே செல்லாது.

விலையை எப்படி ஒப்பிடுவது

லிட்டர் விலையைப் பார்த்தால் ஏமாறுவோம். நூறு கிராம் குளோரினுக்கு எத்தனை ரூபாய் என்று பார்க்க வேண்டும். கணக்குக்காகச் சில விலைகளை வைத்துக்கொள்வோம், உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். 12.5 சதவீதம் லிட்டர் 20 ரூபாய், 10 சதவீதம் லிட்டர் 18 ரூபாய், 5 சதவீத பாட்டில் லிட்டர் 60 ரூபாய்.

புதிதாக இருக்கும்போது நூறு கிராம் குளோரினுக்கு 12.5இல் 800 மில்லி, 16 ரூபாய். 10இல் ஒரு லிட்டர், 18 ரூபாய். பாட்டிலில் இரண்டு லிட்டர், 120 ரூபாய். பாட்டில் ஆட்டத்திலேயே இல்லை. இப்போது அதே கேன்களை ஒரு மாதம் சூடான அறையில் வைத்துவிட்டுப் பாருங்கள். 12.5 இப்போது 7.4 என்பதால் நூறு கிராமுக்கு 1.35 லிட்டர், 27 ரூபாய். 10 இப்போது 7.1, எனவே 1.4 லிட்டர், 25 ரூபாய். மலிவு என்று வாங்கியது மாதக் கடைசியில் விலை கூடியதாகிவிட்டது.

அதனால் என் தீர்ப்பு: இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுவீர்கள் என்றால் 12.5 வாங்குங்கள். அதற்கு மேல் வைத்திருப்பீர்கள் என்றால் அந்தக் கூடுதல் இரண்டரைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. நான் இப்போது செய்வது அதுதான். 12.5 சதவீதப் புதுச் சரக்கை வாங்கி, வந்த அன்றே சரிபாதி நல்ல தண்ணீர் கலந்து இரண்டு கேனாக்கிவிடுவது. 6.25 ஆகிவிடும். அதே 35 டிகிரியில் ஒரு மாதத்தில் 5.3க்குத்தான் இறங்கும். கலக்காமல் வைத்தால் பத்தில் நான்கு பங்கு போகிறது, கலந்து வைத்தால் ஏழில் ஒரு பங்குதான் போகிறது. 12.5இன் விலைக்கு வாங்கி, பாட்டில் பிளீச்சின் பொறுமையையும் பெறுகிறோம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நீர்த்த சரக்கு தெறித்தாலும் ஆபத்து சற்றுக் குறைவு. (தோளுக்குத்தான் இரட்டை வேலை. என் மனைவி இதை "தண்ணிக்கு வாடகை கொடுக்கிற வேலை" என்பாள்.)

ஆனால் கலக்கிற தண்ணீர் முக்கியம். போர் தண்ணீரைக் கலக்கவே கூடாது. அதிலுள்ள கடினத்தன்மை ஹைப்போவின் காரத்தோடு சேர்ந்து வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும், இரும்பு இருந்தால் சிதைவு இன்னும் வேகமாகும். ஆர்ஓ தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கேனும் தூய பிளாஸ்டிக் கேனாக இருக்க வேண்டும். முன்பு அதில் என்ன இருந்தது என்று தெரியாத கேன் வேண்டவே வேண்டாம்.

ஒரு டம்ளருக்கு நான்கு டம்ளர்

இப்போது அந்தச் சோதனை. ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம். மருந்துக் கடையில் ஒரு மில்லி சிரிஞ்ச் ஒன்று, ஊசி இல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் குடிநீர்க் கேனிலிருந்து 10 லிட்டரைச் சுத்தமான பிளாஸ்டிக் பக்கெட்டில் அளந்து ஊற்றுங்கள். அதில் சரியாக ஒரு மில்லி ஹைப்போவை விட்டு நன்றாகக் கலக்குங்கள். 12.5 சதவீதச் சரக்கு என்றால் ஒரு மில்லியில் 125 மில்லிகிராம், அது 10 லிட்டரில் பரவினால் 12.5 பிபிஎம். பக்கெட்டில் இருக்கும் பிபிஎம்தான் கேனின் சதவீதம். எண்ணை மாற்றவே தேவையில்லை, அவ்வளவு அழகாக ஒத்துப்போகும்.

ஆனால் நம்மிடம் இருக்கும் சாதாரண சோதனைப் பெட்டி 3 அல்லது 5 பிபிஎம் வரைதான் காட்டும். எனவே பக்கெட்டிலிருந்து ஒரு டம்ளர் எடுத்து, மிச்சமிருக்கும் குடிநீரிலிருந்து அதே டம்ளரால் நான்கு டம்ளர் சேர்த்துக் கலந்து, அதைச் சோதியுங்கள். வரும் எண்ணை ஐந்தால் பெருக்குங்கள். 2.5 காட்டினால் சரக்கு 12.5. எனக்கு அன்று 1க்குச் சற்று மேல் காட்டியது.

நிறத்தைக் கண்ணால் ஒப்பிடுவதால் கொஞ்சம் முன்பின் இருக்கும். பத்தா பதினொன்றா என்று இதில் சண்டை போட முடியாது. பன்னிரண்டா ஆறா என்று அறிய இது தாராளம். மஞ்சள் நிறம் காட்டும் ஓடிஓ சொட்டு மருந்துப் பெட்டியாக இருந்தாலும் இந்தச் சோதனைக்குப் போதும். இளஞ்சிவப்பு காட்டும் டிபிடி என்றால் ஒரு எச்சரிக்கை: குளோரின் மிக அதிகமானால் அந்த நிறத்தையே வெளுத்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று காட்டும். பக்கெட் தண்ணீரை நீர்க்காமல் நேரடியாகச் சோதித்துவிட்டு, சரக்கு செத்துவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

வாங்கிய அன்று ஒரு தடவை, பாதி கேன் தீரும்போது ஒரு தடவை சோதித்தால் போதும். வரும் எண்ணைக் கேனிலேயே தேதியோடு எழுதி, ஊற்றுகிற அளவை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஹைப்போவே வேண்டாம் என்றால்

மாத்திரை போட்டுவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்கள் நிறைய. டிசிசிஏ 90 என்று விற்பது அது. அதில் 90 சதவீதம் பயன்தரும் குளோரின், மாதக்கணக்கில் வலு குறையாது, இடமும் அடைக்காது. வெயிலில் குளோரின் சிதைந்து போய்விடாமல் காக்கும் சயனூரிக் அமிலமும் அதிலேயே இருக்கிறது. சிக்கலும் அதுதான். ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினுக்கும் 6 பிபிஎம் சயனூரிக் அமிலம் சேர்கிறது. குளோரின் தீரும், அது தீராது. தினமும் 3 பிபிஎம் என்று மாத்திரையிலேயே ஓட்டினால் ஒரு மாதத்தில் 54, இரண்டு மாதத்தில் நூறைத் தாண்டும். அதன்பின் சோதனைப் பெட்டி 3 பிபிஎம் குளோரின் காட்டும், தண்ணீரோ பச்சையாகும், ஏனென்றால் குளோரின் கட்டுண்டு கிடக்கிறது. தண்ணீரை இறக்கிவிட்டுப் புதிதாக நிரப்புவதைத் தவிர எளிய வழி கிடையாது. ஐப்பசி மழையில் குளம் நிரம்பி வழிந்தால் கொஞ்சம் கழியும், அதை நம்பிக் கோடையை ஓட்ட முடியாது.

நேர்மாறாக, ஹைப்போவில் சயனூரிக் அமிலம் துளியும் கிடையாது. அது இல்லாத தண்ணீரில் உச்சிவெயில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரினைத் தின்றுவிடும். எனவே ஹைப்போ பக்கம் வருகிறவர்கள் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை தனியாக அதை வாங்கி 30, 40 பிபிஎம் அளவுக்குப் போட்டுவிட வேண்டும். 40,000 லிட்டருக்கு 30 பிபிஎம் என்றால் 1.2 கிலோ. அப்புறம் குளோரினை 3 பிபிஎம்முக்குக் கீழே விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஊராட்சிக் கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடரைக் குளத்துக்கும் போடலாமா? போடலாம்தான். நல்ல சரக்கில் 30 முதல் 35 சதவீதம் குளோரின் உண்டு, எங்கும் கிடைக்கும். ஆனால் மிச்சமெல்லாம் பெரும்பாலும் சுண்ணாம்பு. தனி வாளியில் கரைத்து, தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். ஏற்கெனவே கடினத் தண்ணீர் உள்ள ஊரில் டைல்ஸில் வெள்ளைப் படிவம் ஏற வேறு காரணமே வேண்டாம். நான் ஒரு முறை செய்து, ஃபில்டரைக் கழுவிக் கழுவிக் கை ஓய்ந்து, விட்டுவிட்டேன். உப்பைக் கொண்டு குளத்திலேயே குளோரின் தயாரிக்கும் இயந்திரம் உண்மையில் நல்ல ஏற்பாடு, முதல் செலவு தாங்கினால். 40,000 லிட்டருக்கு லிட்டருக்கு மூன்றரை கிராம் வீதம் 140 கிலோ உப்பு கொட்ட வேண்டும். குளத்தைச் சுற்றி இரும்புக் கைப்பிடி இருக்கிறவர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

ஹைப்போ ஊற்றினால் பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) ஏறிக்கொண்டே போகும் என்று சொல்வார்கள். பாதி உண்மை. ஊற்றியதும் ஏறும். குளோரின் தன் வேலையை முடித்துத் தீரும்போது ஏறியதில் பெரும்பகுதி இறங்கிவிடும். ஆனாலும் பிஎச்சை 7.2க்கும் 7.6க்கும் நடுவில் பிடித்து வைப்பது வலுவான ஹைப்போ வாங்குவதைவிட லாபம். பிஎச் 7.5இல் குளோரினில் ஏறக்குறைய பாதி வேலை செய்கிற வடிவில் இருக்கும். 8க்குப் போனால் கால்பங்குதான்.

வைக்கிற இடம்

பெரும்பாலான வீடுகளில் ஹைப்போ கேன் மோட்டார் அறையில்தான் இருக்கும். அதைவிட மோசமான இடம் இல்லை. மோட்டார் சூடு ஹைப்போவைக் கெடுக்கும், ஹைப்போவின் ஆவி மோட்டாரையும் சுவிட்ச் போர்டையும் அரிக்கும். எங்கள் வீட்டில் வடக்குப் பக்கம் மாடிப்படிக்குக் கீழே, வெயில் எட்டாத, காற்றோட்டமுள்ள இடத்துக்கு மாற்றினேன். மூடியை இறுக்கித் திருகக் கூடாது. ஹைப்போ கொஞ்சம் ஆக்சிஜனையும் வெளிவிடும், கேன் உப்பிவிடும். காற்றுப் போக வழியுள்ள மூடி போட்டு வரும் கேனாகக் கேட்டு வாங்குங்கள்.

பிஎச்சைக் குறைக்க வாங்கும் ஆசிட்டும் பல கடைகளில் இதே மாதிரி 35 லிட்டர் கேனில்தான் வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒன்றுக்கு ஊற்றிய மக்கை மற்றொன்றுக்கு எடுக்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூச்சை அடைக்கும், உயிரையே எடுக்கும். எங்கள் குளத்தைச் சுத்தம் செய்ய வரும் தம்பி ஆசிட் கேனின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறான், இருட்டிலும் கைக்குத் தெரியுமாம். டிசிசிஏ மாத்திரையையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே டப்பாவில் போடுவதும் இதே ரகம், தீப்பிடிக்கும்.

ஊற்றுவது பொழுது சாய்ந்த பிறகு, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது, தண்ணீர் திரும்பி வரும் குழாய்க்கு முன்னால். பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். நல்ல பேன்ட்டில் முழங்காலுக்குக் கீழே ஆரஞ்சுப் புள்ளிகள் விழுந்த பிறகு இதைச் சொல்கிறேன்.

யார் எதை வாங்குவது

ஒரு லட்சம் லிட்டரும் அதற்கு மேலும் பிடிக்கும் குளம் என்றால் யோசனையே வேண்டாம், 12.5தான். தினமும் இரண்டரை லிட்டர் போகும், 35 லிட்டர் கேன் இரண்டு வாரத்தில் காலி. சிதைவதற்குள் தீர்ந்துவிடும்.

எங்களைப் போல 40,000 லிட்டர் சுமாருக்குக் கேன் ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும். இங்கேதான் உண்மையான தேர்வு. பக்கத்து வீட்டிலோ தெருவிலோ இன்னொரு குளம் இருந்தால் ஒரு கேனைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், அது எல்லாவற்றையும்விட நல்லது. இல்லையென்றால் 12.5 புதிதாக வாங்கி அன்றே பாதியாக்குங்கள். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் 10 வாங்கிக்கொள்ளலாம், மாதக் கடைசியில் அளவைக் கூட்டி ஊற்ற மறக்கக் கூடாது.

மாடியில் கட்டிய சின்னக் குளம், பத்தாயிரம் லிட்டருக்குள் என்றால் தினமும் 30 கிராம் குளோரின் போதும். 10 சதவீதத்தில் 300 மில்லி. ஐந்து லிட்டர் கேனாகக் கொடுக்கும் கடையைத் தேடுங்கள். லிட்டருக்குக் கூடுதல் விலை சொன்னாலும் கொடுக்கலாம். பெரிய கேன் மலிவு என்று வாங்கி மூன்று மாதம் வைத்திருப்பதற்கு அது எவ்வளவோ மேல். வெயிலில் விடுமுறைக்கு மட்டும் காற்றடித்து நிரப்பும் பிள்ளைகள் குளத்துக்கு பிளீச் பாட்டிலே போதும்.

வாரக் கடைசியில் மட்டும் போகும் தோட்டத்து வீட்டுக்கு ஹைப்போ சரிவராது, தினமும் ஊற்ற ஆள் வேண்டும். அங்கே மிதவையில் மாத்திரை, அல்லது உப்பு இயந்திரம்.

எதை வாங்கினாலும் கடையில் கேட்க வேண்டியது ஒன்று: சரக்கு என்றைக்கு வந்தது? "நேத்து வந்துச்சு சார்" என்பார்கள், எல்லோரும் அதையேதான் சொல்வார்கள். கேனைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கிறதா என்று. உள்ளே நிழலில் இருக்கும் கேனிலிருந்து தரச் சொல்லுங்கள். வாரத்தில் எந்தக் கிழமை லோடு வருகிறது என்று தெரிந்துகொண்டு அதற்கு மறுநாள் போங்கள். எனக்கு அது வியாழக்கிழமை.

அந்தப் பழைய கேனில் மிச்சமிருந்த இருபது லிட்டரை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஐந்தரை சதவீதம் என்று கேனின் மேல் மார்க்கரில் அடித்துத் திருத்தி எழுதினேன். அதற்கேற்ற கணக்குப்படி ஒரே மாலையில் ஏழேகால் லிட்டர் ஊற்றி, மோட்டாரை இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் பச்சை போய்ச் சாம்பல் நிறமாகியிருந்தது, செத்த பாசி. அடுத்த இரண்டு மாலைகளிலும் குளோரினை இறங்கவிடாமல் ஊற்றி, அடியில் படிந்ததை உறிஞ்சி எடுத்ததும் அடித்தரை டைல்ஸ் தெரிந்தது. கடைசியில் நின்ற ஐந்தாறு லிட்டரில் பின்வாசல் தரையையும் பாசி பிடித்த சுற்றுச்சுவரையும் கழுவினோம்.